கருப்பு-வெள்ளைப் படத்தில் ரோஸும் பச்சையும் எங்கிருந்து வருகின்றன?

நீங்கள் கேட்டதை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். ஆறு கலர் டேங்க் பிரிண்டர் வைத்திருக்கிறீர்கள். திண்ணையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியின் படத்தைக் கருப்பு-வெள்ளையாக மாற்றி, ஏ4 கிளாஸி பேப்பரில் போட்டிருக்கிறீர்கள். சேலை மடிப்பில் லேசான ரோஸ். பின்னால் தூணின் நிழலில் பச்சை. ராத்திரி ட்யூப் லைட்டில் எடுத்துப் பார்த்தால் முழுப் படமும் பச்சை. மானிட்டரில் மட்டும் சுத்தமான சாம்பல். எந்த செட்டிங்கை மாற்றினால் இது சரியாகும் என்பது கேள்வி.

ஒரு செட்டிங்கில் முடிகிற வேலை இல்லை இது. ஆனால் தீராத வியாதியும் இல்லை. உங்கள் பிரிண்டரிலேயே இப்போது இருப்பதைவிட எவ்வளவோ நல்ல பிரிண்ட் எடுக்க முடியும். அதற்கு முன்னால், அந்த ரோஸ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நகை ஆசாரிகள் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்று கிடைத்தால், அந்தச் சேலை மடிப்பை அதில் பாருங்கள். சாம்பல் நிறம் அங்கே இருக்கவே இருக்காது. வெளிர் நீலம், ரோஸ், மஞ்சள் என்று பொடிப் பொடிப் புள்ளிகள்தான் இருக்கும். உங்கள் பிரிண்டரில் சாம்பல் மை என்று ஒன்று கிடையாது. இருப்பது சயான், மஜென்டா, மஞ்சள், இளம் சயான், இளம் மஜென்டா, கருப்பு. வெளிர் சாம்பலைக் கருப்பு மையால் மட்டும் போட்டால், வெள்ளைத் துணியில் மிளகுத்தூள் சிந்தியது மாதிரி புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். அதைத் தவிர்க்கத்தான் டிரைவர், அதாவது கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள், அந்தப் பகுதியில் கருப்பைக் கிட்டத்தட்டத் தொடாமல், இளம் சயானையும் இளம் மஜென்டாவையும் மஞ்சளையும் கலந்து சாம்பல் என்று நம்பவைக்கிறது. நம் கண் பொதுவாக ஏமாந்துவிடும். ஆனால் அந்த மூன்றில் ஒன்று ஒரு துளி கூடினாலோ குறைந்தாலோ உடனே கண்டுபிடித்தும் விடும். சிவப்புச் சேலையின் சிவப்பு கொஞ்சம் மாறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சாம்பலில் அதே அளவு மாறினால் வீட்டுக்கு வந்த விருந்தாளிகூட 'என்ன, படம் ரோஸா இருக்கு?' என்று கேட்பார்.

நிழல் பகுதிக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே கருப்பு மை நிறைய விழுகிறது, இளம் மைகள் விலகுகின்றன, கலவையின் கணக்கே வேறு. அதனால்தான் சேலை ஒரு பக்கமும் தூண் எதிர்ப்பக்கமும் இழுக்கின்றன. வெளிச்சத்தில் ஒரு சாயல், நிழலில் வேறு சாயல் என்று வருவதைக் கிராஸ்ஓவர் என்பார்கள். இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் உண்மையான பிரச்சினை இதுதான் என்று நினைக்கிறேன்.

டார்க்ரூமில் கை நனைத்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வெள்ளி உப்புப் பேப்பரில் போட்ட பழைய பிரிண்ட்களில் எதுவுமே கணக்குப்படி சுத்தச் சாம்பல் கிடையாது. சில பேப்பர்கள் பழுப்பை ஒட்டிய வார்ம் டோன், சில பேப்பர்கள் நீலத்தை ஒட்டிய கோல்டு (cold) டோன், அதாவது குளிர்ந்த சாயல். சாயலை மாற்றும் செலினியம் டோனர் என்ற ரசாயனத்தில் போட்டால் இன்னும் கொஞ்சம் நகரும். ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்து யாரும் 'கலர் அடிக்கிறது' என்று சொன்னதில்லை. சாயல் கருப்பிலிருந்து வெளிர் வரை அநேகமாக ஒரே பக்கமாக இருக்கும், கண் இரண்டே நிமிடத்தில் அதற்குப் பழகி, அதையே சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். நியூட்ரல் என்று நாம் தேடுவதில் முக்கால் பங்கு இந்த ஒருமைதான். சாயல் இருக்கலாம். ஆனால் சேலைக்கு ஒன்று, தூணுக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது. இதை ஒப்புக்கொண்டால் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

அப்புறம் அந்த ட்யூப் லைட் விவகாரம். கருப்பு-வெள்ளை இங்க்ஜெட் பிரிண்டைத் தொட்டவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் அடிபட்டிருப்பார்கள். கரியிலிருந்து வரும் கருப்பு மை, தன் மேல் விழும் ஒளியில் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சும். எந்த விளக்கில் பார்த்தாலும் அது அதிகம் மாறாது. சயான், மஜென்டா, மஞ்சள் கலந்த சாம்பல் அப்படி இல்லை. அதன் நிறமாலை மேடும் பள்ளமுமாக இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த மேடு பள்ளங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிச் சாம்பலாகத் தெரியும். ட்யூப் லைட்டின் ஒளியோ சில நிறங்களில் மட்டும் ஊசி மாதிரி உயர்ந்து நிற்கும், அதிலும் பச்சைப் பக்கம் ஒரு பெரிய ஊசி. அந்த ஊசியும் மையின் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் கணக்கு தப்பிவிடும், படம் பச்சையாகிவிடும். இதை மெட்டாமெரிசம் என்கிறார்கள். படத்தில் எதுவும் மாறவில்லை, விளக்குதான் மாறியது.

இது உங்கள் பிரிண்டருக்கு மட்டும் வந்த குறை இல்லை. கலை உலகில் இங்க்ஜெட்டுக்கு மரியாதை வந்ததே ஒரு வகையில் கருப்பு-வெள்ளையால்தான். இசைக் கலைஞர் கிரஹாம் நாஷ் தன் கருப்பு-வெள்ளைப் படங்களை நல்ல பேப்பரில் பெரிதாகப் போட வேண்டும் என்று ஐரிஸ் 3047 என்ற அச்சகப் பிரிண்டரைப் பிடித்து, 1991-ல் கலிபோர்னியாவில் நண்பர் மேக் ஹோல்பர்ட்டோடு சேர்ந்து நாஷ் எடிஷன்ஸ் என்ற பிரிண்ட் கூடத்தைத் தொடங்கினார். அந்த ஐரிஸில் நான்கே மை: சயான், மஜென்டா, மஞ்சள், கருப்பு. அப்புறம் 2000-ல் வந்த எப்சன் 2000பி பிரிண்டரில் பிக்மென்ட் மை, அதாவது கரையாத நிறத்துகள் கலந்த மை. மங்காது என்று எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் விளக்கு மாறினால் சாம்பல் பச்சைக்கும் மஜென்டாவுக்கும் இடையே ஊஞ்சல் ஆடியது. இதே காலகட்டத்தில்தான் ஜான் கோன் போன்ற பிரிண்ட் கலைஞர்கள் பிரிண்டரிலிருந்து கலர் மையையே எடுத்துவிட்டு, வெவ்வேறு அடர்த்தியில் சாம்பல் மைகளை ஊற்றும் பியசோகிராஃபி முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் போகிறவர்களுக்காக ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன்ரிப் மென்பொருள் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கம்பெனிகளுக்கும் பாடம் புரிந்தது. 2005-ல் வந்த எப்சன் ஆர்2400-ல் ஒரே நேரத்தில் மூன்று கருப்பு: முழுக் கருப்பு, இளங்கருப்பு, அதைவிட இளங்கருப்பு. கூடவே டிரைவரில் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் என்ற தனி முறை.

இந்தக் கதையை நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்லோரும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்: சாம்பலைச் சாம்பல் மையால் போடு, கலர் மையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறை. முழுசாக விட்டுவிடவும் முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். கரியால் செய்த கருப்பு மையை நீர்க்க விட்டால் அது பழுப்பாகத் தெரியும். ஆர்2400 வகைப் பிரிண்டர்கள் நியூட்ரல் என்று போடும்போதுகூட அந்தப் பழுப்பை ஈடுகட்ட இளம் சயானையும் இளம் மஜென்டாவையும் ஒரு சிட்டிகை சேர்க்கின்றன. குழம்பில் பெருங்காயம் மாதிரி. உங்கள் ஆறு கலர் பிரிண்டரில் அந்தப் பெருங்காயமே குழம்பு. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, கையில் இருக்கும் பிரிண்டரோடு என்ன செய்யலாம்?

முதலில் நாசில் செக், அதாவது மை வரும் பொடித் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று ஒரு தாளில் அடித்துப் பார்ப்பது. சிரிக்காதீர்கள், நான் பார்த்த 'கலர் அடிக்கும்' கேஸ்களில் நிறைய இங்கேயே முடிந்திருக்கின்றன. கலர் படத்தில் இளம் சயான் நாசில் இரண்டு மூன்று அடைத்துக்கொண்டால் நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். கருப்பு-வெள்ளையில் அது அப்படியே ரோஸாக வெளியே தெரியும். நாசில் செக் தாளில் இளம் சயானும் மஞ்சளும் வெள்ளைப் பேப்பரில் சரியாகத் தெரியாது. நல்ல வெளிச்சத்தில், சாய்த்துப் பிடித்து, கோடு கோடாகப் பாருங்கள். ஒரு கோடு விட்டிருந்தாலும் ஹெட் கிளீனிங் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, மையும் பேப்பரும். டிரைவருக்குள் இருக்கும் கலவைக் கணக்கு கம்பெனி மைக்கும் கம்பெனி பேப்பருக்கும் போட்டது. பாதி விலை மாற்று மை ஊற்றியிருந்தால், கலர் படங்கள் ஓரளவு சரியாகவே வரும், சாம்பல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மாற்று மையை விடவே முடியாது என்றால் பரவாயில்லை, ஆனால் ஒரே மையில் நில்லுங்கள். மாதம் ஒரு பிராண்ட் ஊற்றினால் கீழே சொல்லப்போகும் திருத்தம் எதுவும் நிலைக்காது. பேப்பருக்கும் இதே பேச்சு. பேப்பர் ஒன்று, டிரைவரில் தேர்ந்தெடுத்த பேப்பர் வகை வேறு என்றால் மை விழும் அளவே மாறிப்போகும்.

மூன்றாவது, ஒரே படத்துக்கு இரண்டு பேர் நிறம் பார்ப்பது. போட்டோஷாப்பிலோ லைட்ரூமிலோ பேப்பரின் ஐசிசி புரொஃபைலைக் (அந்தப் பேப்பரில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) கொடுத்து, நிறத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்தால், பிரிண்டர் டிரைவரில் கலர் கரெக்ஷனை அறவே நிறுத்த வேண்டும். இரண்டும் ஓடினால் ஒரே படத்துக்கு இரண்டு தடவை திருத்தம் விழும், பெரும்பாலும் மஜென்டா பக்கம் சாயும். மாறாக டிரைவரின் கருப்பு-வெள்ளை முறையைப் பயன்படுத்தினால், மென்பொருளில் 'பிரிண்டர் பார்த்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிட வேண்டும். ஏதாவது ஒருவர்தான் ஓட்ட வேண்டும்.

டிரைவரில் இருக்கும் 'கிரேஸ்கேல்' டிக்கைப் பார்த்து நிறையப் பேர் நிம்மதி அடைகிறார்கள். பல டிரைவர்களில், போட்டோ பேப்பர் என்று தேர்ந்தெடுத்திருக்கும்போது, அந்த டிக் உங்கள் படத்திலிருந்து நிறத்தை எடுக்குமே தவிர மையிலிருந்து எடுக்காது. சாம்பல் கலவை கலர் மையில்தான் நடக்கும். ஒரு பட்டையை அடித்து, மேலே சொன்ன லென்ஸில் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

படக் கோப்பையும் ஒரு தடவை சரிபாருங்கள். நிறம் நீக்கிய படத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 142 என்றால் மூன்றும் 142. 142, 140, 139 என்று வந்தால் எங்கேயோ ஒரு டோனிங் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரிண்டர் மேல் பழி போட முடியாது.

இவ்வளவும் செய்த பிறகும் சாயல் இருந்தால், அதுதான் நாம் திருத்த வேண்டிய உண்மையான சாயல். இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஸ்டெப் வெட்ஜ் ஒன்று செய்துகொள்ளுங்கள். கருப்பிலிருந்து வெள்ளை வரை 21 கட்டம், ஒவ்வொன்றும் ஐந்து சதவீத இடைவெளி (0 என்றால் வெள்ளை, 100 என்றால் முழுக் கருப்பு). பாட்டி படம் போட்ட அதே பேப்பர், அதே செட்டிங்கில் பிரிண்ட் எடுங்கள். உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். டை மை, அதாவது சாயம் கரைந்த மை, காயக் காய நிறம் நகரும். ஒரு நாள் விட்டுவிடுவது நல்லது. அவசரமாக, ஈரம் காயாத பிரிண்டைப் பார்த்துத் திருத்தம் செய்து, மறுநாள் காலையில் அந்தத் திருத்தத்தையே திருத்த உட்கார்ந்த அனுபவம் எனக்கு இருக்கிறது. மொத்தம் ஒன்பது தாள் வீண்.

மறுநாள், காலை பத்து மணி போல, நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பக்கத்துச் சுவர் பச்சையோ மஞ்சளோ அடித்திருந்தால் வேறு இடம் பாருங்கள், சட்டைகூட வெள்ளையோ சாம்பலோ இருப்பது நல்லது. அச்சடிக்காத அதே பேப்பர் ஒன்றில், கட்டத்தைவிடச் சின்னதாக இரண்டு ஓட்டை வெட்டுங்கள். அதை வெட்ஜ் மேல் வைத்து நகர்த்தினால் ஒரே நேரத்தில் இரண்டு கட்டம் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் மறைந்தவுடன் கண் கூர்மையாகிவிடும். 15 சதவீதக் கட்டமும் 70 சதவீதக் கட்டமும் பக்கத்தில் நிற்கும்போது, அதுவரை 'ஏதோ ரோஸ்' என்று தோன்றியது, 'பத்திலிருந்து முப்பது வரை ரோஸ், நாற்பதில் சரி, அறுபதுக்கு மேல் பச்சை' என்று வரி வரியாகப் பிரிந்து தெரியும். அதை வெட்ஜ் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிவையுங்கள்.

அடுத்தது திருத்தம். கலர் டார்க்ரூம்காரர்கள் ரிங்-அரவுண்ட் என்று ஒன்று செய்வார்கள், நடுவில் ஒரு பிரிண்ட், சுற்றிலும் ஒவ்வொரு பக்கம் கொஞ்சம் சாய்த்த பிரிண்ட்கள். அதையே கட்டங்களாகச் செய்யலாம். சாயல் அதிகம் தெரியும் ஒரு டோனை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக 210 (இங்கே 0 கருப்பு, 255 வெள்ளை என்ற மென்பொருள் கணக்கு). நடுக் கட்டத்தில் 210, 210, 210. சுற்றிலும் 207, 210, 210, பிறகு 210, 213, 210, இப்படி ஒவ்வொரு நிறத்தையும் மூன்று மூன்றாகக் கூட்டியும் குறைத்தும் கட்டங்கள். ஆறு எண்ணால் தள்ளிய ஒரு சுற்றையும் வெளியே சேர்த்துக்கொள்ளுங்கள். இதேபோல 128-க்கு ஒன்று, 60-க்கு ஒன்று. மூன்றும் ஒரே தாளில் அடங்கும். காய்ந்ததும் அந்த ஓட்டைத் தாளை வைத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் நல்ல கிரே கார்டுக்கு (நிறம் சரிபார்க்கப் புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை) மிக நெருக்கமான கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கார்டுக்கும் கட்டத்துக்கும் அடர்த்தி ஒன்றாக இருக்காது, அதைப் பொருட்படுத்தாதீர்கள். சாயலை மட்டும் பாருங்கள். மலிவான கிரே கார்டுகளில் பலவும் அவையே சாம்பலாக இருப்பதில்லை, அதனால் புகைப்படக்காரர்கள் நம்பும் கார்டு ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

210-ல் உங்களுக்குப் பிடித்த கட்டம் 207, 210, 210 என்று வைத்துக்கொள்வோம். போட்டோஷாப்பில் கர்வ்ஸ் லேயர் ஒன்றைத் திறந்து, சிவப்பு வளைவில் 210 என்பது 207 ஆக ஒரு புள்ளி வையுங்கள். 128-க்கும் 60-க்கும் இப்படியே. இரண்டு முனைகளையும், அதாவது 0-வையும் 255-ஐயும், தொடவே கூடாது. வளைவு மெதுவாக ஓட வேண்டும். எங்காவது கோணலாக உடைந்தால் அந்த இடத்தில் புதிய கிராஸ்ஓவர் பிறக்கும். இந்த லேயரை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து வெட்ஜை மறுபடி அடியுங்கள். முதல் சுற்றில் முழுசாகச் சரியாகாது, ஆனால் இரண்டு வெட்ஜையும் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும். பொதுவாக இரண்டாவது சுற்றில், சில நேரம் மூன்றாவதில், உட்கார்ந்துவிடும். பிறகு அந்த லேயரைப் பேப்பர் பெயரோடு சேமித்துவைத்து, அந்தப் பேப்பரில் போடும் ஒவ்வொரு கருப்பு-வெள்ளைப் படத்துக்கும் மேலே போர்த்திவிடலாம். மானிட்டரில் படம் கொஞ்சம் நிறம் மாறித்தான் தெரியும், கண்டுகொள்ளாதீர்கள். அந்தத் திருத்தம் பேப்பருக்கானது.

இதையே கருவியால் செய்யலாம். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வைத்திருக்கும் நண்பரோ லேபோ இருந்தால், சில நூறு கட்டங்களை அளந்து உங்கள் மைக்கும் பேப்பருக்கும் என்றே ஒரு புரொஃபைல் செய்து தருவார்கள். நிறத்தை எண்ணாகச் சொல்லும் லேப் (Lab) அளவில் ஏ-யும் (சிவப்பு-பச்சைச் சாயல்) பி-யும் (மஞ்சள்-நீலச் சாயல்) பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது எண்ணாகவே தெரியும், கண்ணின் தடுமாற்றம் இல்லை. காசு செலவழிக்கத் தயார் என்றால் இதைச் செய்வதுதான் சுருக்கு வழி. ஆனால் அதற்கும் ஒரு பிடி இருக்கிறது, அது பேப்பரின் வெண்மை.

கடையில் கிடைக்கும் பளீர் வெள்ளைப் போட்டோ பேப்பர்களில் ஆப்டிகல் பிரைட்னர் என்ற ரசாயனம் இருக்கும். சலவை நீலம் செய்கிற வேலையைப் புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுத்துச் செய்கிறது அது. ஜன்னல் பக்கம் பேப்பர் நீலம் கலந்த வெள்ளையாக ஜொலிக்கும். வீட்டு எல்இடி விளக்கில் புற ஊதா அநேகமாக இல்லாததால் அதே பேப்பர் மந்தமான வெள்ளையாக இறங்கிவிடும். பேப்பரின் வெள்ளையை வைத்துத்தான் நம் கண் சாம்பலை அளக்கிறது என்பதால், வெள்ளை நகர்ந்தால் சாம்பலும் நகர்ந்த மாதிரி இருக்கும். சில அளவீட்டு முறைகள் இந்த நீலத்தைப் பேப்பரின் சொந்த நிறம் என்று நினைத்து ஈடுகட்ட மஞ்சள் சேர்த்துவிடும். விளைவு, வீட்டு விளக்கில் மஞ்சள் படம். புரொஃபைல் செய்து கொடுப்பவரிடம் 'படம் எல்இடி விளக்கில் மாட்டப்போகிறேன்' என்று சொல்லிவிடுங்கள், எந்த முறையில் அளப்பது என்று அவர் முடிவு செய்வார்.

உங்களால் முடிந்தால் பிரைட்னர் இல்லாத பேப்பருக்கு மாறுங்கள். கேன்சன் பிளாட்டின் ஃபைபர் ராக் அப்படி ஒன்று, 310 ஜிஎஸ்எம், பருத்தி. டார்க்ரூம் காலத்துப் பரைட்டா பேப்பர் பிரிண்டைத் தொடும் உணர்வு அதில் கிடைக்கும். விலை அதிகம்தான். பாட்டியின் படம் மாதிரி ஒன்றிரண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் தனி வெட்ஜ், தனி கர்வ் வேண்டும், பழைய கிளாஸியின் கர்வ் அங்கே செல்லாது.

விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கலர் கலந்த சாம்பலை எல்லா விளக்கிலும் சாம்பலாகக் காட்டுவது உங்கள் பிரிண்டரால் ஆகாது. எந்த கர்வும் எந்த புரொஃபைலும் அதைச் செய்யாது. அதனால், மேலே ஜன்னல் பக்கம் செய்யச் சொன்ன தேர்வை, படம் எங்கே மாட்டப்போகிறதோ அந்த விளக்கில் செய்து பார்த்து, அதற்குத் திருத்துங்கள். அச்சுத் துறையில் 5000 கெல்வின் ஒளியை வைத்துப் பார்ப்பது வழக்கம், ஆனால் பாட்டியின் படம் அச்சகத்தில் தொங்கப்போவதில்லை, உங்கள் கூடத்தில் தொங்கப்போகிறது. கூடத்தில் ட்யூப் லைட் இருந்தால், படத்துக்கு மேலே சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண்) 90-க்கு மேல் உள்ள ஒரு சின்ன எல்இடி விளக்கைப் போடுங்கள். ட்யூப் லைட் கொடுத்த பச்சை, இன்னொரு தாள்கூட வீணாகாமல், பெருமளவு அடங்கிவிடும். இதை முதலில் செய்து பார்த்துவிட்டு மற்றதற்குப் போனாலும் தப்பில்லை.

இன்னொரு வழியையும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த வழி. சுத்தச் சாம்பலைத் துரத்தாமல், வேண்டும் என்றே மொத்தப் படத்துக்கும் லேசான வார்ம் டோன் கொடுத்துவிடுங்கள். கிராஸ்ஓவரை மேலே சொன்னபடி சரிசெய்த பிறகு, எல்லா டோனுக்கும் பழுப்புப் பக்கம் ஒரு சின்னத் தள்ளல். சாக்லேட் நிறமாகப் போகக் கூடாது, வெள்ளைப் பேப்பரைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரிய வேண்டும், அவ்வளவு. மீதமிருக்கும் சின்னச் சின்ன சாயல்களை அது விழுங்கிவிடும். விளக்கு மாறும்போது வார்ம் டோன் கொஞ்சம் கூடியோ குறைந்தோ தெரியும், அதைக் குறை என்று கண் எடுத்துக்கொள்ளாது. துல்லியமான நியூட்ரலில் ஒரு இம்மி பச்சை வந்தாலும் குற்றம் மாதிரி நிற்கும். திண்ணையும் வெள்ளைச் சேலையும் இருக்கும் படத்துக்கு வார்ம் டோன் பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஆனால் பாட்டி உங்கள் பாட்டி, முடிவும் உங்களுடையது.

கருப்பு மையை மட்டும் வைத்து அடித்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். மேட் பேப்பரில், உச்ச ரெசல்யூஷனில் செய்து பாருங்கள். வெளிர் பகுதிகளில் புள்ளி தெரியும், ஃபிலிம் கிரெயின் மாதிரி இருக்கும், சில படங்களுக்கு அது அழகு. கிராஸ்ஓவர் தொல்லை இல்லை. ஆனால் சேலை மடிப்பின் மென்மை வேண்டும் என்றால் இது உதவாது.

புது பிரிண்டர் வாங்கும் யோசனை இருந்தால், மை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், எத்தனை சாம்பல் என்று பாருங்கள். டேங்க் வகையிலேயே எப்சன் எல்8180-ல் ஒரு சாம்பல் மை இருக்கிறது, அந்த ஒன்றே பெரிய வித்தியாசம் செய்யும். கேனன் புரோ-200-ல் சாம்பல், இளஞ்சாம்பல் இரண்டும் உண்டு, டை மை. பிக்மென்டில் கேனன் புரோ-300, எப்சன் பி700, பி900. கருப்பு-வெள்ளைதான் உங்கள் உயிர் என்றால் நான் பி700 பக்கம்தான் கை காட்டுவேன். அதன் கருப்பு-வெள்ளை முறையில் நியூட்ரல் என்று வைத்து அடித்தால், நல்ல பேப்பரில், மேலே சொன்ன கர்வ் வேலை எதுவுமே பெரும்பாலும் தேவைப்படாது. மையின் விலை மட்டும் டேங்க் பிரிண்டரோடு ஒப்பிடவே முடியாத தூரத்தில் இருக்கும், கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

டை மையில் போட்ட படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வையுங்கள், வெயில் படும் சுவர் வேண்டாம். கலர் மைகள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஒன்று முந்திக்கொண்டு மங்கினால், இன்றைக்குச் சாம்பலாக இருக்கும் சேலை சில வருடத்தில் வேறு நிறத்துக்குப் போய்விடும்.

அந்த வெட்ஜ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் தேதி, பேப்பர், மை, செட்டிங் எழுதி ஒரு கவரில் போட்டு இருட்டில் வையுங்கள். மை பாட்டில் புதிதாக ஊற்றும்போதெல்லாம் ஒரு வெட்ஜ் அடித்துப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பழைய கர்வே போதும். விலகியிருந்தால், எந்தக் கட்டத்திலிருந்து விலகுகிறது என்று பார்த்து, அந்தப் புள்ளியை மட்டும் நகர்த்துங்கள்.